காத்திருக்க ஆளில்லாதவர்களின் கவனத்திற்கு

இதனால் சகல வாகன ஓட்டிகளுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், வருகிற தை முதல் தேதியிலிருந்து, தன் வருகைக்காக ஒருவரும் காத்திராத எந்த நபரும் நான்கு சக்கர வாகனம் ஓட்டுதல் கூடாது. மீறி ஓட்டுபவரின் வாகனம் காப்பீடு அற்றதாகக் கருதப்படும். காப்பீடு அற்ற வாகனத்தை ஓட்டுபவருக்குச் சட்டப்படி என்னென்ன நேருமோ அவை அனைத்தும் அவருக்கு நேரும்.

இந்த அறிவிப்பைப் படித்தபோது அமைச்சர் கண்கலங்கினார். மனிதகுல வரலாற்றில் அன்புக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்த முதல் அரசு இதுதான் என்றார். பின்னால் நின்ற அதிகாரிகள் தங்கள் பங்குக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். அமைச்சருக்காகக் காத்திருப்பதாகப் பதிவு செய்துகொள்ள மறுநாள் கட்சிக்காரர்கள் பேருந்து பேருந்தாக வந்து இறங்கினார்கள். அமைச்சருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

விஷயம் அன்பு அல்ல. காப்பீட்டுக் கம்பெனிகள் கூட்டாக ஒரு கணினி வைத்திருந்தன. நாட்டில் ஓடும் வண்டிகளின் பயணங்களையெல்லாம் அதற்குத் தின்னக் கொடுத்து, விபத்து ஏன் நடக்கிறது என்று கேட்டார்கள். டயர், பிரேக், சாராயம் என்று ஏதாவது சொல்லும் என்று எதிர்பார்த்தார்கள். கணினி அதையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு வேறொன்றைச் சொன்னது. வீட்டில் ஆள் காத்திருந்தால் மனிதன் கொஞ்சம் முன்னதாக பிரேக் போடுகிறான். அவனுக்கே தெரியாமல் போடுகிறான். ஆள் இல்லாதவன் கொஞ்சம் தாமதமாகப் போடுகிறான். அந்தக் கொஞ்சத்தில்தான் எதிரே வருகிறவன் உயிர் இருக்கிறது.

முதலில் ஆள் உள்ளவர்களுக்குச் சலுகை கொடுத்தார்கள். பிறகு ஆள் இல்லாதவர்களுக்குக் கட்டணத்தை உயர்த்தினார்கள். பிறகு சட்டம் வந்தது. நம் ஊரில் எந்த நல்ல யோசனையும் இந்த வரிசையில்தான் வளரும்.

நடைமுறை எளிது. வண்டியை எடுக்கும்போது ஓட்டுநர் தன் காத்திருப்பவருக்குப் போன் செய்து "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும். மறுமுனையில் என்ன பதில் வருகிறது என்பதைக் கணினி ஒட்டுக்கேட்டு மதிப்பெண் போடும். லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் மற்றப் போன் பேச்சுகளையும் அது விட்டுவைப்பதில்லை. "பத்திரமாகப் போய் வாருங்கள்" என்றால் மதிப்பெண் குறைவு. அது யாரும் யாருக்கும் சொல்வது. வெறும் "ம்" என்றால் பாஸ். "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா, போன தடவை மாதிரி மறந்துட்டு வந்து நிக்காத" என்றால் நூற்றுக்கு நூறு. ஒருவர் மூன்று பேருக்கு மேல் காத்திருக்க முடியாது. நாலாவது ஆளுக்கும் காத்திருக்கிறேன் என்பவர் உண்மையில் யாருக்கும் காத்திருப்பதில்லை என்பது கணினியின் தீர்மானம்.

கிருபாகரனுக்கு அறுபது வயது. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குக் காதல் தோல்வி மாதிரி கௌரவமான காரணம் எதுவும் கிடையாது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததில் விட்டுப்போயிற்று. குரோம்பேட்டையில் ஒற்றைப் படுக்கையறை வீடு, ஒரு பச்சைக் கார். மிகப் பழைய கார். சாவியைத் திருகினால் யாரிடமும் அனுமதி கேட்காமல் கிளம்பிவிடும் அந்தக் காலத்து வண்டி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் காரை எடுத்துக்கொண்டு மதுராந்தகம் தாண்டி நெடுஞ்சாலையோரக் காபிக் கடை ஒன்றுக்குப் போவார். ஒரு காபிக்காக இத்தனை தூரம் போவது பைத்தியக்காரத்தனம் என்று சொல்லக்கூட அவருக்கு ஆள் இல்லை. போய் நிறுத்தி, கதவைத் திறப்பதற்குள் கடைக்காரப் பெண் ரூபி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "வாங்க சார், சர்க்கரை கம்மிதானே." அவ்வளவுதான். அவருக்கு என்ன வேண்டும் என்பது கேட்காமலே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் அடுத்த சனிக்கிழமை வரை ஓட்டிவிடுவார்.

அவருடைய காத்திருப்பவர், திருச்சியில் இருக்கும் தங்கை சுகந்தி. ஒருநாள் அவளே போன் செய்தாள்.

"அண்ணே, தப்பா நினைச்சுக்காத."

"நினைக்கல. விஷயத்தைச் சொல்லு."

"மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்க. மாமியார் காத்திருக்கிறதுதான் மரியாதையாம். சீர்வரிசைல எழுதிட்டாங்க. கட்டில், பீரோ, அதுக்கு அடுத்தாப்ல இது."

"உனக்குத்தான் மூணு இடம் இருக்கே."

"வீட்டுக்காரர் ஒண்ணு, பொண்ணு ஒண்ணு, நீ ஒண்ணு. யாரை எடுக்கட்டும் சொல்லு."

கிருபாகரன் சற்று யோசித்தார். யோசிப்பதற்கு எதுவும் இல்லை.

"மாப்பிள்ளை என்ன கார் வச்சிருக்காரு?"

"கார் இல்லண்ணே. நாளைக்கு வாங்கினா தேவைப்படும்ல."

இப்படியாக, இல்லாத காருக்கு ஆள் கிடைத்து, இருக்கிற காருக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

கிருபாகரன் சும்மா இருந்துவிடவில்லை. அடுக்குமாடிச் சங்கச் செயலாளரிடம் கேட்டார். "பொதுக்குழுவுல வச்சுப் பேசிடலாம் சார்" என்று அவர் லிஃப்ட்டுக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டார். வாடகைக்குக் காத்திருக்கும் நிறுவனம் ஒன்று புதிதாகத் திறந்திருந்தார்கள். அங்கே பதிவு செய்தார். முதல் நாளே மறுமுனையில் ஒரு தேன்குரல், "தங்கள் பயணம் இனிதே அமையட்டும், தங்கள் வரவை ஆவலோடு எதிர்நோக்குகிறோம்" என்றது. கணினி ஒரு நொடியில் நிராகரித்தது. உண்மையில் காத்திருக்கிற எவரும் அப்படிப் பேசுவதில்லை என்பது அதற்குத் தெரியும்.

காப்பீடு காலாவதியாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்தார். அது கிளம்பியது. அதுதான் அனுமதி கேட்காத வண்டியாயிற்றே.

சுங்கச்சாவடிக் கேமராவுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. தடுப்புக்கட்டை இறங்கியது. ஏட்டு இலக்கியா, நாற்பது வயதிருக்கும், டிபன் டப்பாவை மூடிவிட்டு எழுந்து வந்தாள்.

"வண்டிக்குக் காப்பீடு இல்லையே சார்."

"டயர் புதுசும்மா. பிரேக் போன மாசம்தான் மாத்தினேன்."

"வண்டி நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு ஆள் இல்லைன்னு காட்டுது."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் கையைத் தூக்கியதும் நின்றது.

"நான் இதுவரைக்கும் யாரையும் இடிச்சதில்லம்மா."

"இடிச்சவரா இருந்தா இந்நேரம் நான் இவ்வளவு மரியாதையா பேச மாட்டேன். நாளைக்கே ஒரு மூணாம் ஆளை இடிச்சிட்டீங்கன்னு வைங்க. அவன் பொண்டாட்டி புள்ளைக்கு யார் பதில் சொல்றது?"

"மூணாம் ஆளுக்குப் பாதுகாப்பு வேணும்னா எனக்கு முதல்ல ரெண்டாம் ஆள் வேணுமா? நல்லா இருக்கே."

இலக்கியாவின் உதடு லேசாக அசைந்தது. "இதைக் கோர்ட்டுல சொல்லுங்க. சிரிக்க மாட்டாங்க, எழுதிக்குவாங்க." சாவியை வாங்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "லேட்டாகும்னு வீட்டுல சொல்லணுமா சார்? போன் பண்ணிக்கங்க."

கிருபாகரன் அவளைப் பார்த்தார். அவள் டிபன் டப்பாவைப் பார்த்தாள்.

"எல்லார்கிட்டயும் கேட்டுப் பழக்கம் சார்," என்றாள்.

வாகன நடுவர் மன்றத்தில் அவருக்கு இலவச வழக்கறிஞராக சர்வேஸ்வரன் அமர்த்தப்பட்டார். வழக்கறிஞர் சர்வேஸ்வரன் தும்மினால்கூட முன்னுரையோடுதான் தும்முவார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"கனம் நடுவர் அவர்களே, இன்று இந்தக் கூண்டில் நிற்பவர் கிருபாகரன் என்ற தனிமனிதர் அல்ல. மானுடம் நிற்கிறது."

நடுவர் ஜொஹரா பேகம் நிமிர்ந்து பார்த்தார். "மானுடத்துக்கு லைசென்ஸ் இருக்கா?"

"இருக்கிறது, கனம் நடுவர் அவர்களே."

"அப்போ அது உட்காரட்டும். நான் அவர்கிட்ட பேசணும்." நடுவர் கிருபாகரன் பக்கம் திரும்பினார். "இந்தச் சட்டம் எனக்கும் பெரிசாப் பிடிச்சதுன்னு இல்ல. ஆனா இருக்கு. ஒண்ணு கேக்கறேன். நேத்து ராத்திரி நீங்க வீடு திரும்பலைன்னு வைங்க. அது முதல்ல யாருக்குத் தெரியவரும்?"

கிருபாகரன் நேர்மையாக யோசித்தார். மன்றம் காத்திருந்தது.

"தண்ணி கேன் போடறவருக்கு."

"எப்போ?"

"வியாழக்கிழமை. காலி கேன் வெளியில இல்லைன்னா, ஒருவேளை பெல் அடிப்பாரு."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி, மேடம்."

நடுவர் அடுத்த வியாழன் வரை விரல்விட்டு எண்ணினார்.

"முதல் தடவைங்கிறதால ஜெயில் இல்ல," என்றார் நடுவர். "வழக்கு முடியற வரைக்கும் வண்டி ஸ்டேஷன்ல நிக்கும். நீங்க ஒவ்வொரு திங்களும் காலையில ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போடணும். வரலைன்னா தேடி வருவாங்க. அதுக்குள்ள ஒரு ஆளைக் கண்டுபிடிச்சுக் காப்பீடு எடுத்துட்டீங்கன்னா வழக்கை முடிச்சிடலாம். இல்லைன்னா லைசென்ஸ் போயிடும், வண்டி நசுக்கற மிஷினுக்குப் போயிடும்."

"ரெண்டாவது தடவை பிடிபட்டா?"

"இப்பவே அதைக் கேக்கறீங்களா? தினமும் கையெழுத்து. ஆறு மாசம். ஆள் கிடைச்சாலும் கிடைக்காட்டியும்."

ஆளைக் கண்டுபிடிப்பது என்றதும் கிருபாகரனுக்கு ரூபி ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் போனார். கடைக்கு எதிரே நிற்காமல் தள்ளிப்போய் இறக்கிவிட்டார்கள். வெயிலில் நடந்து வந்தார். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பெரிய வேலை ஒன்றுமில்லைம்மா, வாரத்துக்கு ஒரு தடவை போன் வரும், நீ 'ம்'னு சொன்னா போதும்.

ரூபி நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லுங்க சார், என்ன வேணும்?"

அவர் பையிலிருந்து சில்லறையை எடுத்தார். "காபி."

"சர்க்கரை?"

"கம்மியா."

கோப்பையை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றபோது சாலையிலிருந்து ஒரு பச்சைக் கார் ஒதுங்கி வந்து நின்றது. ரூபி பாலை ஆற்றியபடியே தலையைத் திருப்பாமல் குரல் கொடுத்தாள்: "வாங்க சார், சர்க்கரை கம்மிதானே." காரிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. அப்பா, அம்மா, ஐஸ்கிரீம் கேட்டு அழுகிற குழந்தை. ரூபி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"வேற வண்டி," என்றாள் பக்கத்தில் நின்ற கிருபாகரனிடம். "நாங்க வண்டியை வச்சுத்தான் சார் ஞாபகம் வச்சுக்கிறது. வெள்ளை வேன்னா ரெண்டு ஸ்ட்ராங். சிமெண்ட் லாரின்னா பாலே கூடாது. வர்ற கூட்டத்துல முகத்தை எங்க பாக்க?"

"ஆமாமா," என்றார் கிருபாகரன். "கஷ்டம்தான்." காபியைக் குடித்து முடித்தார். வேறெதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமைகள் வந்தன. ஸ்டேஷன் வளாகத்தில் வாகை மரத்தடியில் பச்சைக் கார் நின்றது. காக்கைகள் அதற்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தன. உள்ளே இலக்கியா கையெழுத்து நோட்டைத் திருப்பி வைப்பாள். ஞாயிறு அவளுக்குச் சுங்கச்சாவடி, மற்ற நாட்களில் ஸ்டேஷன்.

"வந்துட்டீங்களா. ஆள் கிடைச்சுதா?"

"தேடிக்கிட்டு இருக்கேன்மா."

"கிடைக்கும் கிடைக்கும். ஊர்ல இவ்வளவு பேர் இருக்காங்க."

"அதான்மா பிரச்சினையே. எல்லாரும் யாருக்காவது இருக்காங்க."

"போடுங்க சார் கையெழுத்தை. காலையிலயே ஆரம்பிச்சிட்டீங்க."

இவ்வளவுதான் பேச்சு. ஆனால் ஞாயிற்றுக்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு வைப்பதை கிருபாகரன் ஒரு கட்டத்தில் கவனித்தார்.

ஒரு திங்கட்கிழமை அவர் வீட்டு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. லிஃப்ட்டோடு காலம் தள்ளியவர் உள்ளே நின்று பித்தானை அமுக்கிக்கொண்டிருந்தார். சிக்னல் கிடையாது. ஆட்கள் வந்து கதவை நெம்பித் திறந்து அவரைத் தூக்கிவிட்டபோது உச்சி வெயில். வெளியே வந்ததும் போன் அவர் சட்டைப்பையில் துடித்தது. தவறிய அழைப்புகள். வரிசையாக. எல்லாம் ஒரே எண்ணிலிருந்து. அவர் படியிலேயே உட்கார்ந்து அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது திரும்பவும் அடித்தது.

"எங்க சார் போயிட்டீங்க?" இலக்கியாவின் குரலில் காரம். "காலையிலேருந்து வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கேன். உடம்பு கிடம்பு சரியில்லையா, ஓடி கீடிப் போயிட்டீங்களா, என்னன்னு எழுதறது நான்? இன்னும் சாப்பிடக்கூடப் போகல."

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்மா."

கையெழுத்து நோட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பழைய உத்தியோகமும் எழுதியிருந்தது. "லிஃப்ட்காரரே லிஃப்ட்ல மாட்டுனா மத்தவன் எல்லாம் என்ன ஆவான்? சரி சரி, கிளம்பி வாங்க. வரும்போது எதிர்க்கடையில ஒரு பேனா வாங்கிட்டு வாங்க. இங்க இருக்கறது எழுத மாட்டேங்குது. நீலம். கறுப்பு வாங்கிட்டு வந்து நிக்காதீங்க."

"போயிட்டு… இதோ வரேன்மா," என்றார் கிருபாகரன்.

அவர் எழுந்திருப்பதற்குள் போனில் செய்தி வந்தது. *வாழ்த்துகள். தங்களுக்காகக் காத்திருக்கும் ஒருவர் கண்டறியப்பட்டுள்ளார். மதிப்பெண்: நூற்றுக்கு நூறு. தங்கள் காப்பீடு புதுப்பிக்கப்பட்டது.*

எதிர்க்கடையில் அவர் பேனா தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் சிலர் பெண் பார்த்துவிட்டே வந்துவிடுவார்கள். ஒன்றுக்கு இரண்டாக வாங்கினார். செய்தியைக் காட்டியபோது இலக்கியா இரண்டு தடவை படித்தாள்.

"நான் ட்யூட்டிக்குக் கூப்பிட்டேன் சார். இது என்ன கூத்து?"

"மிஷினுக்கு வித்தியாசம் தெரியல போல."

"அப்போ நீங்க போய் அதுகிட்டச் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க," என்று பேனாவைக் காகிதத்தில் கிறுக்கிப் பார்த்தாள். நீலமாக எழுதியது.

வழக்கறிஞர் சர்வேஸ்வரனுக்குச் செய்தி எட்டியதும் அவர் புதுக் கோட்டு தைத்துக்கொண்டார். அடுத்த விசாரணையில், கடமையின் பொருட்டுக் காத்திருப்பதும் காத்திருப்பே என்றும், யார், ஏன் காத்திருக்கிறார் என்று துருவுவது நாகரிகமுள்ள சமூகத்துக்கு அழகல்ல என்றும் மதிய உணவு வரை வாதாடினார். நடுவர் முதல் வாக்கியத்திலேயே ஒப்புக்கொண்டிருந்தார்; அதைச் சொல்ல இடைவெளி கிடைக்கவில்லை.

"காப்பீடு இருக்கு. வழக்கு முடிஞ்சது," என்றார் கடைசியில். "வண்டியைக் கொடுத்துடுங்க. நிபந்தனை எல்லாம் ரத்து. கிருபாகரன் சார், சந்தோஷமா?"

"இருக்கேன் மேடம்."

வாசலில் சர்வேஸ்வரன் பேட்டி கொடுத்தார். தனிமையின் மீது சட்டம் அடைந்த மாபெரும் வெற்றி என்றார். வந்திருந்தவர்களுக்கு அல்வா கொடுத்தார். பேட்டி முடிந்து தன் காரில் ஏறி, மனைவிக்குப் போன் செய்து "போயிட்டு வரேன்" என்றார். "எங்கேருந்து?" என்றாள் மனைவி. கணினி பாஸ் போட்டது.

கிருபாகரன் கார் சாவியை வாங்க ஸ்டேஷனுக்குப் போனார். இலக்கியா ஒரு பழைய துணியைக் கொடுத்தாள், கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள.

"அப்போ திங்கக்கிழமை…" என்றார்.

"திங்கக்கிழமை வர வேண்டாம் சார். அதான் முடிஞ்சுதே."

"வழக்கமான நேரத்துக்கு வரலைன்னா?"

"வரலைன்னா என்ன? வர வேண்டாம்னுதானே சொல்றேன்." அவள் அடுத்த ஆளின் நோட்டைப் பிரித்தாள். "யோவ், நீ ஏன்யா போன வாரம் வரல?"

அந்த ஆள் தலையைச் சொறிந்தான். கிருபாகரன் அவனைப் பொறாமையோடு பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

வண்டி அவர் தெருவுக்குள் திரும்பும்போது செய்தி வந்தது. *தங்களுக்காகக் காத்திருந்தவரின் காத்திருப்பு சட்டப்படி நிறைவடைந்தது. எனவே தங்கள் காப்பீடு ரத்து செய்யப்படுகிறது. தங்களோடு பயணித்ததில் மகிழ்ச்சி.*

நியாயம்தான். காப்பீடு இருந்ததால் வழக்கு முடிந்தது. வழக்கு முடிந்ததால் கையெழுத்து முடிந்தது. கையெழுத்து முடிந்ததால் ஆள் இல்லை. ஆள் இல்லாததால் காப்பீடு இல்லை. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செம்மையாகச் செய்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிருபாகரன் சவரம் செய்துகொண்டு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினார். இரண்டாவது பேனாவைப் பையில் சொருகினார். தினமும் கையெழுத்து, ஆறு மாதம், ஆள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். நடுவர் சொன்னது வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருந்தது. வரவில்லை என்றால் தேடி வருவார்கள்.

கீழே வாகனம் நிறுத்துமிடத்தில் யாரும் இல்லை. காவலாளியின் நாற்காலியில் அவர் துண்டு மட்டும் இருந்தது. கிருபாகரன் காரில் ஏறி, "போயிட்டு வரேன்" என்று துண்டிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நெடுஞ்சாலையில் மெதுவாகப் போனார். பிரேக்கை எப்போதையும்விட முன்னதாகவே போட்டார். சுங்கச்சாவடி தெரிந்ததும் கண்ணாடியை இறக்கினார். தெரியாமல் வந்துவிட்டேன் என்று சொல்வதா, தெரிந்தேதான் வந்தேன் என்று சொல்வதா என்று கடைசி நிமிடம் வரை முடிவு செய்யவில்லை. தெரிந்தேதான் என்றே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அவள் திட்டுவாள். திட்டட்டும்.

தடுப்புக்கட்டை ஏற்கெனவே தூக்கியிருந்தது. ஏட்டு உட்காரும் இடத்தில் ஒரு பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அவர் காரை நிறுத்தி அதைப் படித்தார். பொதுமக்களின் மேலான கவனத்திற்கு, என்று தொடங்கி, உயர்தொழில்நுட்ப மேம்பாட்டுப் பணிகள், தடையற்ற பயணம், தங்கள் பொறுமைக்கு நன்றி என்று பெரிய எழுத்தில் நீளமாக இருந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கையைத் தூக்கி அதை நிறுத்த யாரும் இல்லை.

கேமரா ரிப்பேர்.